தட்டில் இல்லாத இரைச்சல்

சித்தூரில் டிராயிங் மாஸ்டர் சாந்தகுமார் வீட்டில் ரெகார்டைத் தொடும் உரிமை ஒரே ஒரு ஆளுக்குத்தான். உறையிலிருந்து தட்டை உருவும்போது விளிம்பை மட்டும் இரண்டு உள்ளங்கைகளால் பிடிப்பார். வெல்வெட் துணியால் ஒரே பக்கமாகத் துடைப்பார். முள்ளை இறக்கும்போது மூச்சுகூட விடமாட்டார். "பச்சப்புள்ளைக்குச் சங்குல மருந்து ஊத்தற மாதிரி" என்று அவர் மனைவி லோயிஸ் கேலி செய்வாள். அதற்கும் பதில் வராது. முள் தட்டில் உட்கார்ந்த பிறகுதான் மாஸ்டருக்குப் பேச்சு வரும்.

எண்பத்தேழாம் வருஷக் கோடையில் லோயிசின் தம்பி சுந்தர்சிங் பஹ்ரைனிலிருந்து லீவில் வந்தான். வந்தவன் கையில் ஒரு கறுப்புப் பெட்டியும், உள்ளங்கை அகலத்தில் கண்ணாடி மாதிரி மின்னும் சில தட்டுகளும் இருந்தன. காம்பாக்ட் டிஸ்க் என்றான்.

"மாமா, இதுல முள்ளு கிடையாது. வெளிச்சந்தான் தட்டைப் படிக்குது. தேயாது, கீறல் விழாது. பாதியில திருப்பிப் போட வேணாம்."

"எல்லாஞ் சரி மச்சான். பாடறவன் எதிர்ல நின்னு பாடற மாதிரி இருக்குமா? அத்தச் சொல்லு."

சுந்தர்சிங் இந்தக் கேள்விக்குத் தயாராகவே வந்திருந்தான். மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குத் திரும்பும்போது மாஸ்டருக்குக் கொடுத்துவிட்டுப் போன ரெகார்டு ஒன்று உண்டு. ஏதோ ஒரு தேசத்துக் கோயிலில் பாடகர் குழு பாடிய கிறிஸ்துமஸ் பாட்டுகள். அதே குழு, அதே பாட்டுகள், டிஸ்க்கில் வந்திருப்பதைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பாடும் ஆனதும் போட்டி ஆரம்பித்தது. மாஸ்டரின் ஆம்பிளிஃபயர், மாஸ்டரின் ஸ்பீக்கர் பெட்டிகள். மாறுவது தட்டு மட்டும். தீர்ப்புச் சொல்ல லோயிசை உட்கார வைத்தார்கள். டெலிபோன் எக்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர் அவள். ஒரு 'அலோ' போதும், பேசுவது நகரி பட்டறைக்காரரா புத்தூர் மண்டிக்காரரா என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதை யார் சந்தேகப்படுவது?

பெட்டிகளுக்கு முதுகு காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் ஜெயகுமாரி காலேஜ் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

முதல் பாட்டு வந்தது. ஆண் குரல்கள் கனமாக, கம்பளி போர்த்தியது போல ஒட்டிக்கொண்டு வந்தன. அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று எண்ணெய் காயும் இரைச்சல். பிறகு அதே பாட்டு இரண்டாம் தரம். இப்போது ஒவ்வொரு குரலும் தனித்தனியாக நின்றது. நடுவில் ஒரு பெண் மூச்சு இழுப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் அடியில் அதே 'ஸ்ஸ்ஸ்.'

"முதல்ல போட்டது ரெகார்டு. கேக்க இதமா கீது. அடுத்தது தெளிவு ஜாஸ்தி," என்றாள் லோயிஸ். "ஆனா இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணுதான்."

மாஸ்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டுக்கோ மச்சான்."

சுந்தர்சிங்குக்கு முகம் சுருங்கிவிட்டது. "டிஸ்க்குல இரைச்சலே கிடையாதுக்கா. நல்லா கேளு." ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் நிறுத்திவைத்து, ஆம்பிளிஃபயரின் குமிழை நன்றாகத் திருகினான். "இப்போ சொல்லு."

"இருக்குதே."

"ஒண்ணுமே இல்லியேம்மா," என்றாள் ஜெயகுமாரி.

மாஸ்டர் எழுந்து போய் ஸ்பீக்கரில் காதை ஒட்டினார். தன் கட்சி தோற்கிறது என்பதற்காகப் பொய் சொல்கிறவர் இல்லை அவர். ஒரு தரத்துக்கு இரண்டு தரம் காதை மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "இல்ல லோயிஸ். எனக்கும் ஒண்ணும் கேக்கல," என்றார்.

சுந்தர்சிங் விளையாட்டாகச் சொன்னான்: "இன்னாக்கா, அம்மா மாதிரி நீயும் மழை பெய்யுதுன்றியா?" சொல்லிக்கொண்டே கறுப்புப் பெட்டியை அணைத்தான். பச்சை விளக்கு போய்விட்டது.

இரைச்சல் போகவில்லை.

"ஆமாமா, இல்லதான். வெளிய காத்து அடிக்குது," என்று சொல்லிவிட்டு லோயிஸ் சமையலறைக்குப் போனாள். ஸ்டவ்வில் ஏதாவது கொதிக்கிறதா என்று பார்த்தாள். ஸ்டவ் அணைந்திருந்தது.

தம்பியைக் குற்றம் சொல்ல முடியாது. அம்மா இறந்தபோது அவன் கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவன், அவ்வளவுதான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் புழங்கிய கேலி மட்டும். லோயிசுக்கு அப்போது விவரம் தெரிந்த வயது.

அவர்களுடைய நைனா, அதாவது அப்பா, பாலசமுத்திரத்தில் மிஷன் உபதேசியாராக இருந்தார். அம்மா தபீதாள் நல்ல வெயிலில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாதபோது, மழை பெய்கிறது என்று ஓடிப்போய் காயவைத்த மிளகாயை வாருவாள். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வாள். யாரோ தூங்குகிறார்கள் என்பது போலத் தாழ்ந்த குரலில்தான் பேசுவாள். பிறகு பேசுவதே குறைந்தது. பேய் என்றார்கள் சிலர். புத்தி பிசகிவிட்டது என்றார்கள் சிலர். ஜெபக்காரர்கள் வந்து அவளைச் சுற்றி நின்று கத்தினார்கள். அவள் அவர்களுடைய வாய்களை மாறி மாறிப் பார்த்து அழுதாள். கடைசியில் பின்னறைக் கதவுக்கு வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் வைத்தார்கள். உபதேசியாரின் மனைவி தெருவில் போய் நின்று ஏதாவது சொல்லிவிடக் கூடாதே. அந்த அறையிலேயே ஒரு காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. தெருவில் நாய்கூட இல்லை. லோயிஸ் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. தூரத்தில், விடாமல், ஓட்டுக்கூரை மேல் பெய்கிற மாதிரி. ஜன்னலைத் திறந்தால் கண் கூசும் வெயில்.

எத்தனை நாளாக இது இருக்கிறது? எக்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டினால் லைனில் இரைச்சல் இருக்கும் என்று நினைத்திருந்தாள். வீட்டில் ஃபேன் என்று நினைத்திருந்தாள். பாட்டுக் கேட்டால் ரெகார்டு என்று நினைத்திருந்தாள். உலகத்தில் இருக்கிறது என்று நம்பிய சத்தம் முழுக்கத் தனக்குள்ளேதான் இருந்திருக்கிறது. இன்று இரைச்சல். நாளைக்கு என்ன? எப்போது மிளகாய் வார ஓடுவோம்?

சுந்தர்சிங் லீவு முடிந்து போகும்போது பெட்டியை மாமாவுக்கே கொடுத்துவிட்டுப் போனான். மாஸ்டரும் ஆசை விடாமல் அவ்வப்போது டிஸ்க்கைப் போட்டார். லோயிசால் அங்கே இருக்க முடியவில்லை. பாட்டு நடக்கும்வரை சரி. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே சுத்தமாக ஒன்றுமில்லாத ஒரு குழி விழும். அந்தக் குழிக்குள்ளிருந்து மழை எழுந்து வரும். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

"ரெகார்டே போடுங்க. அதான் நல்லாருக்குது," என்பாள்.

ரெகார்டு ஓடினால் தட்டின் கரகரப்பும் அவளுடைய இரைச்சலும் கலந்துவிடும். எது எதனுடையது என்று பிரிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் நிம்மதியாக உட்காரலாம். மாஸ்டருக்கு இது தெரியுமா? அவர் பூரித்துப்போனார். கோயில் வாசலில் நின்று, "எங்க வீட்டு ஆபரேட்டரம்மாவே தீர்ப்பு சொல்லிட்டாங்க, ரெகார்டுதான்னு," என்று எல்லாரிடமும் சொன்னார். அவர் சந்தோஷமாக உறை பிரிப்பதைப் பார்க்கும்போது லோயிசுக்குக் கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

திறக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சூளூர்பேட்டையிலிருந்து ஜெயகுமாரிக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ஜீவரத்தினம், அங்கே சபையில் பெரிய மனிதர். பெண்ணின் தாய்க்குத் தலைக்குள் மழை பெய்கிறது, பாட்டியைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்றால் யார் படியேறுவார்கள்?

ஒரு சாயங்காலம் லோயிஸ் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது ஜெயகுமாரி இடது பக்கம் நின்று உதட்டை அசைப்பது தெரிந்தது.

"துணியா? மூட்டை கட்டி மேல வச்சிட்டேன்," என்றாள் லோயிஸ்.

ஜெயகுமாரி அவளையே பார்த்தாள். "நீ துன்னியான்னு கேட்டேம்மா. நாலஞ்சு தரம் கூப்புட்டேன்."

அந்தப் பார்வை லோயிசுக்குத் தெரியும். கேலி இல்லை, கோபம் இல்லை. ஒரு அடி பின்னால் தள்ளி நின்று பார்க்கும் பார்வை. பாலசமுத்திரத்தில் தன் அம்மாவை அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துகொண்டாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அங்கே போனால் சபை ஆட்கள் யாராவது ஒருவர் கண்ணில் படாமல் திரும்ப முடியாது. திருப்பதியில் தன்னை யாருக்குத் தெரியும்? ஆபீஸ் வேலையாகத் திருப்பதி எக்சேஞ்சுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பாகாலாவில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள், மலைக்கு வேண்டுதல் என்று, தன் மருமகனுடைய கடை, மாடு, மூட்டுவலி என எல்லாவற்றையும் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பஸ் எலும்பை உலுக்கும் சத்தத்தோடு ஓடியது. லோயிஸ் ஒரு வார்த்தையும் தவறாமல் கேட்டுப் பதில் சொன்னாள். அதில் என்ன விசேஷம் என்று அப்போது தோன்றவில்லை. மனம் முழுக்க ஒரே எண்ணம்தான். காது டாக்டர் பார்த்துவிட்டு, 'இது காது இல்லையம்மா, நீங்கள் போகவேண்டிய டாக்டர் வேறே' என்று சொல்லிவிட்டால்?

டாக்டர் நாகபூஷணத்தின் கிளினிக் பஜார் சந்தில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ஒருமுறை எழுந்து தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் வயதானவர். தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ் மூன்றும் கலந்து பேசினார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு கால் கொண்ட ஒரு இரும்புக் கவையைத் தன் முழங்காலில் தட்டி, அதன் அடியை அவள் இடது காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார். மணியடித்தது போல 'ங்ங்ங்' என்று தலை நிறைந்தது. கவையை எடுத்துக் காதுக்கு முன்னால் பிடித்தார்.

"இப்போ?"

"நின்னு போச்சுங்க."

"நிக்கல. ஆடிக்கினேதான் இருக்குது," என்று காட்டினார். வலது காதிலும் அப்படியே செய்தார். அங்கேயும் முன்னால் பிடித்தால் சத்தம் மங்கியது.

"பஸ்ல, சந்தையில எல்லாரும் பேசறது நல்லா கேக்குதா? வீட்டுக்குள்ள கேக்கறதவிட?"

அவள் திடுக்கிட்டாள். "ஆமாங்க."

"போன்ல?"

"அதுதாங்க என் வேலையே. போன்ல தெளிவா கேக்குது."

"இன்ட்லோ எவரிகைனா உந்தா? உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்பிடி?"

லோயிஸ் கைக்குட்டையைப் பிழிந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். உண்மையைச் சொன்னால் எழுதிவிடுவார். எழுதியது சித்தூர் வந்து சேரும். ஜெயகுமாரியின் முகம் கண்ணில் வந்தது, அந்த ஒரு அடி தள்ளி நின்ற முகம். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. மழை, மிளகாய், ஜெபக்காரர்கள், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் எதையும் எழுதவில்லை. "அம்மா மெதுவாப் பேசுவாங்களா?"

"குசுகுசுன்னுதான் பேசுவாங்க."

"இரைச்சலான எடத்துல மட்டும் சரியாப் பேசுவாங்களா? ஞாபகம் இருக்குதா?"

நகரி ரைஸ் மில் நினைவுக்கு வந்தது. நெல் அரைக்கப் போகும்போது லோயிசும் கூடப் போவாள். மெஷின் போடும் கூச்சலில் மற்றவர்கள் கையால் ஜாடை காட்டுவார்கள். அம்மா மட்டும் மில்லில் வேலை செய்த யசோதாவோடு வாய் ஓயாமல் பேசுவாள், சிரிப்பாள், கேட்டதற்குக் கேட்ட பதில் சொல்வாள். ஊரில் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். பேய்க்கு மெஷின் சத்தம் ஆகாது, அங்கே இறங்கிவிடும் என்று. லோயிசும் அதை நம்பியிருந்தாள்.

"உங்க அம்மாவுக்குப் பைத்தியம் இல்லம்மா," என்றார் டாக்டர். "காது கேக்கல. அவ்வளவுதான். காதுக்குள்ள மூணு பொடி எலும்பு இருக்குது. கடைசி எலும்பு ஆடணும். உங்களுக்கு அது இறுகிக்கினு வருது. சில குடும்பத்துல அம்மாகிட்டேர்ந்து பொண்ணுக்கு வரும். பிள்ளை பெத்தா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாகும். அந்த இரைச்சலும் அதனாலதான். தன் குரல் தனக்குப் பெருசா கேக்கறதால மெதுவாப் பேசுவாங்க, கூச்சல்ல எதிராளி கத்திப் பேசறதால அங்க நல்லா கேக்கும்."

பாரம் இறங்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? லோயிசுக்குக் குளிர்தான் எடுத்தது. காது கேட்காத ஒரு பெண்ணை வீடு நிறைந்த ஆட்கள் சேர்ந்து என்ன செய்துவிட்டோம் என்ற பயம். அம்மாவுக்கு வாய் அசைவது மட்டும் தெரிந்திருக்கும். ஏன் பூட்டுகிறார்கள் என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

ஆபரேஷன் உண்டு என்றார் டாக்டர், வேலூரில் செய்கிறார்கள். "கேக்கறது திரும்பி வரலாம். இரைச்சல் போகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அபூர்வமா சிலருக்கு இப்போ கேக்கறதும் கேக்காம போயிடும். யோசிச்சிக்கோங்க."

அன்றைக்கு வீடு திரும்பியதும் மாஸ்டரைத் தனியே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு சொன்னார்:

"அன்னைக்கு ஸ்பீக்கர்ல காதை வச்சேனே, ஒண்ணும் கேக்கல. உன் காது எக்சேஞ்சு காது. நீ கேக்குதுன்னா இருக்கணும். அப்போ என் காதுதான் போயிடுச்சுன்னு பயந்துட்டேன். இத்தனை நாளா தெனம் ராத்திரி கடிகாரத்தைக் காதுல வச்சி வச்சிப் பாத்துக்கினு இருந்தேன்."

"என்கிட்ட சொல்லக்கூடாதுங்களா?"

"நீ சொன்னியா?"

பிறகு அவர், "அப்போ ரெகார்டுதான் நல்லாருக்குன்னு சொன்னது?" என்றார்.

"அது என் இரைச்சலை மறைச்சிச்சி. அதுக்குத்தான்."

அவருக்கு வருத்தம்தான். ஆனால் மறுநாளே வேலூருக்குப் போய்த் தேதி வாங்கி வந்தது அவர்தான்.

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கவில்லை. இடது காதை மட்டும் மரக்க வைத்தார்கள். முகத்தின் மேல் பச்சைத் துணி. அசையக் கூடாது, தும்மக் கூடாது. உள்ளே ஏதோ உரசுவதும் சுரண்டுவதும் மண்டைக்குள் கேட்டது. இந்தக் காதும் போனால் எக்சேஞ்ச் போர்டில் உட்கார முடியாது, வீட்டில் வாய்களைப் பார்த்துக்கொண்டு திரிய வேண்டும் என்ற நினைப்பை விரட்டப் பார்த்தாள். மனப்பாடமான பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.

திடீரென்று பக்கத்திலேயே ஒரு தட்டில் கத்தி விழுந்தது. அவ்வளவு பெரிய சத்தம். உடம்பு தூக்கிப்போட்டது.

"அசையாதீங்கம்மா. என்ன கேட்டுச்சு?"

"இரும்பு விழுந்துச்சுங்க."

"பஞ்சு எடுக்கிற சின்ன இடுக்கி அது. மெதுவாத்தான் வச்சேன்," என்றார் வேலூர் டாக்டர். துணிக்கு வெளியே யாரோ சிரிப்பது கேட்டது. யாரோ செருப்பை இழுத்து நடப்பதும் கேட்டது. லோயிசின் கண்ணீர் வழிந்து காதுப்பக்கம் போகாமல் இருக்க ஒரு நர்ஸ் ஒற்றியெடுத்தாள்.

சில வாரம் தலை சுற்றியது. வீட்டில் பாத்திரம் வைத்தால்கூட அதிர்ந்து போனாள். இடது காதில் மழை தூறலாகக் குறைந்தது, முழுக்க விடவில்லை. தேறிய பிறகு மாஸ்டர் தயங்கித் தயங்கி அந்தக் கிறிஸ்துமஸ் ரெகார்டைப் போட்டார். அதற்கென்று சொந்தமாக ஒரு சத்தம் இருப்பதை அவள் அப்போதுதான் பிரித்துக் கேட்டாள். விடாத இரைச்சல் இல்லை. அங்கங்கே கடுகு வெடிப்பது போலப் பொட்டுப் பொட்டென்று. டிஸ்க்கில் அது இல்லை. பாட்டுகளுக்கு நடுவே குழி விழுந்தபோதும் அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எது நல்லாருக்கு?" என்றார் மாஸ்டர்.

"தெரியலீங்க. எனக்கு ரெண்டும் இன்னைக்குத்தான் புதுசு."

ஐப்பசியில் ஜீவரத்தினமும் அவர் மனைவியும் சூளூர்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்தார்கள். காபி கொடுத்து, பெண்ணையும் பார்த்து, பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் கண்ணால் தடுத்தார். லோயிஸ் சொல்லிவிட்டாள். தன் காதைச் சொன்னாள், அம்மாவைச் சொன்னாள், மகளுக்கு வந்தாலும் வரலாம் என்பதையும் சொன்னாள். ஜீவரத்தினம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். அனுப்பவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெண்ட் ஞாயிறுவரை காத்திருந்துவிட்டு லோயிஸ் அழுதாள். ஜெயகுமாரி அவளுடைய வலது பக்கமாக வந்து உட்கார்ந்தவள், நினைவு வந்து எழுந்து இடது பக்கம் மாறி உட்கார்ந்தாள்.

"போகட்டும்மா. மறைச்சிக் கட்டிக் குடுத்திருந்தா நான் அங்க போயி யாருக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயந்துக்கினே இருக்கணும்."

"எனக்கு இன்னும் பயந்தான்டி."

"எனக்கும்தான்."

பொங்கல் கழித்து வலது காதுக்குத் தேதி வாங்க லோயிஸ் வேலூருக்குக் கிளம்பினாள். ஜெயகுமாரியும் கூடப் புறப்பட்டாள். டாக்டர் லோயிசைப் பார்த்து முடித்ததும், மகள் எழுந்து தன் ஜடையை ஒதுக்கி, "எனக்கும் பாத்துடுங்க" என்று அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.